பழங்குடி மக்களின் நிலப் போராட்டத்துக்கு வெளியிலிருந்து ஆதரவு திரட்டுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தொலைவில் ஒரு பழங்குடிச் சமூகம், தன் நிலத்தில் வரப்போகும் திட்டத்தை எதிர்த்து முகாம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இங்கே நகரத்தில் நீங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறீர்கள். வண்டி பிடித்து அங்கே போவதா, இங்கேயே ஊர்வலம் நடத்துவதா, பணம் வசூலித்து அனுப்புவதா?

போவதைக் கடைசியில் வையுங்கள். அதுவும் அவர்கள் கூப்பிட்டால்தான். நான் இப்படிப்பட்ட ஆதரவுக் குழுக்களில் கணக்கெழுதுவது, போன் எடுப்பது என்று பின்கட்டு வேலை பார்த்தவன். மேடை ஏறும் ஆள் இல்லை. அங்கிருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: நிலத்தில் உட்காரும் வேலையை அந்த மக்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கைக்கு எட்டாதவை வங்கி, பங்குதாரர் கூட்டம், கம்பெனியின் தலைமை அலுவலகம், பெரிய பத்திரிகை, பெரிய நீதிமன்றம். இவையெல்லாம் நகரத்தில் இருக்கின்றன. நீங்களும் நகரத்தில் இருக்கிறீர்கள்.

ஒடிசாவின் நியம்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். டோங்க்ரியா கோந்த் மக்கள் தெய்வமாகக் கும்பிடும் மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்ட வேதாந்தா கம்பெனி வந்தது. 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் அந்தக் கம்பெனியின் பங்குகளை வேண்டாம் என்று ஒதுக்கியது. 2010இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது. லண்டனில் நடந்த கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களின் வாசலில் ஆதரவாளர்கள் நின்றார்கள். மலைக்குப் போகாமலேயே செய்த வேலைகள் இவை. ஆனால் முடிவு எங்கே நடந்தது என்று பாருங்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்த வாக்கை வெளியாள் யாரும் போட முடியாது. கம்பெனியின் பெயரை உலகம் கவனிக்கும்படி வைத்திருப்பதுதான் வெளியாட்கள் பங்கு. நார்வேயும் திருச்சபையும் இல்லாவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு ஊர்களும் இதையேதான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆகவே முதல் வேலை, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வது. இது பார்ப்பதற்கு எளிது, உண்மையில் சிக்கல். கனடாவில் வெட்சுவெட்டென் மக்களின் நிலத்தில் எரிவாயுக் குழாய் போட வந்தபோது, வழித்தடத்தில் இருந்த 20 தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. வெட்சுவெட்டென் கவுன்சில்கள் சிலவும் அதில் அடக்கம். பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள். கவுன்சில்கள், அரசுச் சட்டம் உருவாக்கிய அமைப்புகள்; அவற்றின் அதிகாரம் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்குள். பாரம்பரிய நிலம் முழுவதற்கும் பேசுகிறவர்கள் பரம்பரைத் தலைவர்கள். 1997இல் நில உரிமை பற்றி கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த பெரிய தீர்ப்புகூட, அவர்களும் பக்கத்து கிட்சான் தலைவர்களும் தொடுத்த வழக்கில்தான். இந்த வரலாறு தெரியாமல் "அந்த மக்களே சம்மதித்துவிட்டார்களே" என்று ஒருவர் கேட்டால் உங்கள் கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அதை மூடி மறைக்காதீர்கள், தீர்த்து வைக்கவும் போகாதீர்கள். யார் அழைப்பை ஏற்று வேலை செய்கிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அது போதும்.

அடுத்தது, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது. 1966இல் ஆஸ்திரேலியாவின் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 குரிஞ்சிப் பழங்குடி மக்கள் வேலையை விட்டு நடந்து வெளியேறினார்கள். வெளியில் பலருக்கு அது கூலிப் போராட்டம். அவர்களுக்கோ அது நிலம். அடுத்த ஆண்டே நிலத்தைத் திருப்பிக் கேட்டு கவர்னர் ஜெனரலுக்கு மனுக் கொடுத்தார்கள். டார்வின் நகரத் துறைமுகத் தொழிலாளி பிரையன் மேனிங் தன் லாரியில் உணவுப் பொருள் ஏற்றிக்கொண்டு போய்ப் போய் வந்தார். தொழிற்சங்கங்கள் பணம் திரட்டின, நகரங்களில் குரிஞ்சிப் பேச்சாளர்களுக்குக் கூட்டம் போட்டன. 1975இல்தான் நிலத்தின் ஒரு பகுதி கைக்கு வந்தது. கூலி உயர்வு கிடைத்ததும் வெற்றி என்று ஆதரவாளர்கள் கலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் கோரிக்கையை அவர்கள் வாயிலிருந்து எழுதி வாங்கி, துண்டறிக்கையில் அப்படியே போடுங்கள். பசுமை, பருவநிலை, புரட்சி என்று உங்களுக்குப் பிடித்த தலைப்பை அதன் மேல் ஒட்டாதீர்கள்.

பொருள் அனுப்புவது பற்றி. எங்கள் குழுவில் வாரத்தில் ஒரு நாள் முகாமின் தொடர்பாளருக்குப் போன் போடுவோம். அவர் சொல்லச் சொல்ல எழுதி, முடிந்ததும் நாங்கள் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், அவர் சரி என்ற பிறகுதான் வேலை. ஒருமுறை அவர் சொன்னது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது: "துணி அனுப்பாதீங்க. வந்ததைப் பிரிச்சு அடுக்கவே நாலு பேர் வேண்டியிருக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு பஸ் காசு இல்லை." பழைய துணி மூட்டை கட்டுவதில் நமக்கு ஒரு திருப்தி. பஸ் காசுக்கு வசூல் பண்ணுகிறேன் என்றால் போஸ்டரில் அழகாக வராது. ஆனாலும் அதற்குத்தான் வசூல் பண்ண வேண்டும்.

பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, மாதம் ஒருமுறை கணக்கு. நாடு தாண்டிப் பணம் போவதாக இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தை வக்கீலிடம் கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் அனுப்பிய ஒரு தொகை, 'வெளிநாட்டுக் கைக்கூலிகள்' என்று அந்த மக்களைத் தூற்றுவதற்கு எதிர்த்தரப்புக்குத் தோதாகிவிடும்.

இனி வங்கி. அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மக்கள் எண்ணெய்க் குழாய் ஒன்றை எதிர்த்து நடத்திய போராட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது முகாமும் குளிரும் தண்ணீர் பீய்ச்சிய போலீசும். 2016 அக்டோபர் கடைசியில் பத்து லட்சம் பேருக்கு மேல் தாங்களும் அங்கே இருப்பதாக ஃபேஸ்புக்கில் பதிவு போட்டார்கள், போலீசைக் குழப்புவதற்காம். அப்படி நாங்கள் யாரையும் கண்காணிக்கவில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. கவனம் கிடைத்தது, அவ்வளவுதான். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த எண்ணெய்க் குழாய்க்கு 17 வங்கிகள் சேர்ந்து 250 கோடி டாலர் கடன் கொடுத்தது 2016 ஆகஸ்டில். நார்வேயின் டிஎன்பி வங்கி தன் பங்குக் கடனை விற்று விலகியதும், சியாட்டில் நகர மன்றம், கடன் கொடுத்த இன்னொரு வங்கியான வெல்ஸ் ஃபார்கோவோடு உறவை முறிக்க வாக்களித்ததும் 2017இல். பணம் கைமாறிய பிறகு வந்த அழுத்தம். 2017 ஜூனில் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. கடன் பேச்சு நடக்கும் கட்டத்திலேயே வங்கியின் வாசலில் நிற்க முடிந்தால் அதன் எடையே வேறு.

வேலை செய்யும் இடத்திலும் ஆதரவு காட்டலாம். நியூசிலாந்தின் பாஸ்டியன் பாயிண்டில் 1977-78இல் ங்காட்டி ஃபாட்டுவா மக்கள் 500 நாளுக்கு மேல் நிலத்தில் உட்கார்ந்தார்கள். ஆக்லாந்து தொழிற்சங்க கவுன்சில் அங்கே கட்டட வேலை எதுவும் செய்ய மாட்டோம் என்று தடை போட்டது. உங்களில் யாராவது ஒரு சங்கத்தில் இருந்தால், அந்தச் சங்கத்தின் ஒரு தீர்மானம் நூறு பேர் ஊர்வலத்தைவிட மேல் என்பது என் கணக்கு.

கூப்பிட்டார்களா, அப்போது போங்கள். ஆஸ்திரேலியாவின் ஜபிலுக்காவில் யுரேனியச் சுரங்கத்தை எதிர்த்த மிரார் மக்களும் அவர்கள் தலைவி இவோன் மார்கருலாவும் ஆதரவு கேட்டார்கள். 1998இல் எட்டு மாத முற்றுகையில் சுமார் 5,000 பேர் கலந்துகொண்டார்கள், 500 பேருக்கு மேல் கைதானார்கள். 2005இல் மிரார் சம்மதம் இல்லாமல் சுரங்கம் இல்லை என்று ஒப்பந்தம் வந்தது. போகிறவர் தன் சாப்பாடு, தன் படுக்கை, திரும்பி வரக் காசு, ஜாமீனுக்கு வீட்டில் ஆள் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். கேட்காமல் யார் முகத்தையும் படம் எடுக்கக் கூடாது. சடங்கு நடந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். போங்கள் என்றால் கிளம்புங்கள். ஸ்டாண்டிங் ராக்கில் 2016 டிசம்பரில் குழாய்க்கான அனுமதி அப்போதைக்கு மறுக்கப்பட்டதும், குளிர்காலம் கடுமையாகிறது, வீட்டுக்குப் போங்கள் என்று பழங்குடித் தலைவர் கேட்டுக்கொண்டார். கேட்காமல் தங்கியவர்கள் நிறையப் பேர்.

கேமராக்கள் போன பிறகு வழக்குகள் இருக்கும். ஸ்டாண்டிங் ராக்கில் மாநில நீதிமன்றங்களில் மட்டும் 800 பேருக்கு மேல் வழக்கு. ஆதரவாளர்களும் தப்பவில்லை: 2025 மார்ச்சில் வடக்கு டகோட்டா ஜூரி, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு குழாய்க் கம்பெனிக்கு 66 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றது, பிறகு நீதிபதி அதைப் பாதி அளவுக்குக் குறைத்தார். அதனால் துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் வக்கீல் ஒருவர் படிக்கட்டும். வசூலில் ஒரு பங்கை முதல் நாளிலிருந்தே வழக்குச் செலவுக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

இந்த வாரம் உங்கள் பதினைந்து பேரில் இரண்டு பேரை கம்பெனியின் ஆண்டறிக்கையோடு உட்காரச் சொல்லுங்கள். கடன் கொடுத்த வங்கிகள், பெரிய பங்குதாரர்கள், காப்பீட்டுக் கம்பெனி, அடுத்த பொதுக்கூட்டத் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முகாமின் தொடர்பாளருக்கு அனுப்பி, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேளுங்கள்.