வட்டங்களும் கோடுகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். சேர்ந்த உடனே ஒரு கட்டு பி அண்ட் ஐடி டிராயிங்குகளை (ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் குறியீடுகளால் காட்டும் வரைபடங்கள்) கொடுத்து, படித்து வை என்று சொல்லிவிட்டார்கள். குறியீடுகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் தாளை விரித்தால் வட்டங்களும் கோடுகளும்தான் தெரிகின்றன, ஆலை தெரியவில்லை. சீனியர்கள் மலையாளத்தில் டேக் நம்பர்களாகவே (ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்திருக்கும் அடையாளக் குறி) பேசிக்கொள்கிறார்கள். மலையாளம் பிரச்சினை இல்லை, டேக் நம்பர்தான் பிரச்சினை. நல்ல புத்தகமோ ஆன்லைன் கோர்ஸோ இருந்தால் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

கோர்ஸுக்கு இப்போது காசைக் கொட்ட வேண்டாம். உங்களிடம் கொடுத்த கட்டிலேயே, அநேகமாக முதல் தாளாக, குறியீடுகளுக்குப் பொருள் சொல்லும் லெஜண்ட் ஷீட் என்று ஒன்று இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். குறியீடுகளுக்கு ஐஎஸ்ஏ 5.1 என்ற தரநிலை இருக்கிறது. 1949-இல் வந்து, 1984, 2009 என்று பலமுறை திருத்தப்பட்டது. ஆனால் ஒவ்வொரு ஆலையும் அதில் தன் வழக்கத்தைக் கொஞ்சம் கலந்துதான் வைத்திருக்கும். பழைய யூனிட்டின் தாள் ஒரு மாதிரி, பிறகு சேர்த்த யூனிட்டின் தாள் வேறு மாதிரி இருப்பதும் சகஜம்.

டேக்கில் முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பது, அடுத்தடுத்த எழுத்துகள் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பது. அதனால்தான் ‘டி’ முதலில் வந்தால் வெப்பநிலை, பின்னால் வந்தால் டிரான்ஸ்மிட்டர். ‘வி’ முதலில் வந்தால் அதிர்வு, பின்னால் வந்தால் வால்வு. வட்டத்துக்குள் கோடு இல்லையென்றால் கருவி ஃபீல்டில், அதாவது ஆலைக்குள் அந்தந்த இடத்திலேயே இருக்கிறது, குறுக்கே ஒரு கோடு ஓடினால் கன்ட்ரோல் ரூமில். இவ்வளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தாள் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கப் பார்ப்பதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு லூப்பை, அதாவது அளக்கும் கருவி, கன்ட்ரோலர், வால்வு சேர்ந்த ஒரு தொடரை எடுங்கள். உங்கள் ஆலையில் பாய்லர் இருந்தால் டிரம் லெவல் லூப்பை விட நல்ல வாத்தியார் கிடையாது.

தண்ணீரும் ஸ்டீமும் சேர்ந்திருக்கும் கலன்தான் டிரம். அதில் ஒரு எல்டி (லெவல் டிரான்ஸ்மிட்டர்) இருக்கும். அந்த எல்டியிலிருந்து புள்ளிக்கோடு எல்ஐசிக்கு (லெவல் கன்ட்ரோலர்) போகும், அங்கிருந்து பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட்வாட்டர் வால்வுக்கு. கொஞ்சம் பெரிய பாய்லராக இருந்தால், ஸ்டீம் லைனிலிருந்து ஒரு எஃப்டியும் (ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர்) ஃபீட்வாட்டர் லைனிலிருந்து இன்னொரு எஃப்டியும் இதே கன்ட்ரோலை நோக்கி வரும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க மூன்று கருவி எதற்கு? இந்தக் கேள்வி உங்களுக்கு வந்துவிட்டால் பாதித் தாளைப் படித்துவிட்டீர்கள். ஆலை திடீரென்று அதிக ஸ்டீம் இழுத்தால் டிரம்மில் அழுத்தம் குறையும். தண்ணீருக்குள் இருக்கும் குமிழ்கள் விரியும், மட்டம் ஏறியதுபோலக் காட்டும். உண்மையில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. லெவலை மட்டும் நம்பும் கன்ட்ரோலர் அந்த நேரம் பார்த்து ஃபீட்வாட்டரைக் குறைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு எஃப்டி.

அப்படியே கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வால்வு வரை போங்கள். வழியில் ஓரிடத்தில் புள்ளிக்கோடு முடிந்து, இரட்டைச் சாய்கோடு போட்ட கோடு தொடங்கும். 4–20 மில்லியாம்ப் மின்சிக்னல் அங்கே காற்றழுத்தமாக மாறுகிறது, பழைய கணக்கில் 3–15 பிஎஸ்ஐ. காற்று என்றதும் அடுத்த கேள்வி தானாக வர வேண்டும்: இன்ஸ்ட்ருமென்ட் ஏர் நின்றுபோனால் இந்த வால்வு என்ன ஆகும்? பதில் வால்வின் அடியிலேயே எஃப்ஓ (திறந்துகொள்ளும்), எஃப்சி (மூடிக்கொள்ளும்) என்று எழுதியிருக்கும். எரிபொருள் வால்வு மூடிக்கொள்ளும்படிதான் வைப்பார்கள். ஃபீட்வாட்டர் வால்வைப் பெரும்பாலும் திறந்துகொள்ளும்படியோ நின்ற நிலையிலேயே நிற்கும்படியோ வைப்பார்கள். வடிவமைத்தவர் எதற்குப் பயந்தார் என்று இந்த இரண்டெழுத்தில் தெரிந்துவிடும். எனக்கு டிராயிங்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். (கஞ்சிக்கோட்டிலேயே இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் ஆலையில் கன்ட்ரோல் வால்வு செய்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒரு ஓய்வுபெற்ற சேட்டனைப் பிடித்து, ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் உள்ளே எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். எந்த கோர்ஸும் அதைச் சொல்லித் தராது.)

பிறகு தாளோடு ஃபீல்டுக்குப் போங்கள். முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். தாளில் டிரம்முக்குப் பக்கத்திலேயே இருக்கும் எல்டி, நேரில் பல மீட்டர் கீழே ஒரு ஸ்டாண்டில் நிற்கும். பி அண்ட் ஐடி என்பது கோவை–பாலக்காடு பஸ்ஸின் பலகை மாதிரி. வாளையாருக்கு அப்புறம் கஞ்சிக்கோடு என்பது தெரியும், எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியாது. தூரமும் உயரமும் வேண்டுமென்றால் ஐசோமெட்ரிக், கருவியை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஹூக்கப் டிராயிங், எந்த ஒயர் எந்த டெர்மினலுக்கு என்றால் லூப் டிராயிங்.

ஹூக்கப்பை அலட்சியம் செய்யாதீர்கள். டிரம்மின் மேல் டேப்பிங்கிலிருந்து எல்டிக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் மெல்லிய குழாயில், அதாவது இம்பல்ஸ் லைனில், எப்போதும் தண்ணீர் நின்றிருக்கும். அதனால் டிரம் காலியாக இருக்கும்போதுதான் எல்டியின் இரு பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் அதிகம், மட்டம் ஏற ஏற அது குறையும். பி அண்ட் ஐடியில் வெறும் வட்டத்தைப் பார்த்தால் இது புரியவே புரியாது. அப்புறம் ஒன்று: எல்டியோடு இருக்கும் மேனிஃபோல்டில், இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கிவிடும் ஈக்வலைசிங் வால்வைக் கண்ணால் மட்டும் பாருங்கள். டிரெய்னி கை வைத்து பாய்லர் டிரிப் ஆனால், அன்றைக்கு எல்லா மொழியிலும் வசவு கிடைக்கும்.

தாளில் ஒன்று, ஃபீல்டில் வேறொன்று என்று கண்டிப்பாக ஏதாவது கண்ணில் படும். முதலில் டைட்டில் பிளாக்கில் ரிவிஷன் நம்பரைப் பாருங்கள், நீங்கள் வைத்திருப்பதே பழைய தாளாக இருக்கலாம். புதிய தாள்தான் என்றால், சிவப்புப் பேனாவால் குறித்து, தேதி போட்டு, டிராயிங் பொறுப்பில் இருப்பவரிடம் கொடுங்கள். நேற்று வந்த பையன் குறை சொல்கிறானே என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 1974 ஜூன் 1-ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் செத்தார்கள். பழுதான ஐந்தாவது ரியாக்டரைக் கழற்றிவிட்டு, நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு 20 இஞ்ச் பைப்பைப் போட்டிருந்தார்கள். அந்தப் பைப்புக்கு இருந்த ஒரே டிராயிங், ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் வரைந்தது.

டிரம் லூப் முடிந்ததும் அடுத்ததாக ஃபீட்வாட்டர் பம்ப்பின் மினிமம் ஃப்ளோ லைனை (பம்ப்பில் எப்போதும் கொஞ்சமாவது தண்ணீர் ஓட வைக்கும் குழாய்) எடுங்கள். அந்த வால்வில் எஃப்ஓவா எஃப்சியா என்று தாளைப் பார்ப்பதற்கு முன்பே நீங்களே யோசித்து, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.