ஜாக்கியை நம்பாதீர்கள்: சைலன்சர் கேள்வி-பதில்

செங்கோட்டை வாசகர்: பழைய சைலன்சர் போல்ட்டு துருப்பிடித்து அசையவே மாட்டேங்குது. அடித்து உடைச்சிடலாமா?

பின்பக்க கிளாம்ப் போல்ட்டு என்றால் தாராளமாக உடையுங்கள், நாற்பது ஐம்பது ரூபாய் சமாச்சாரம். எஞ்சினோடு சைலன்சர் பைப் சேரும் இடத்து மேனிபோல்டு ஸ்டட் உடைந்தால் லேத்துப் பட்டறைதான், ஒரு நாள் காலி. புளியரை ஏறி ஆரியங்காவு மழையில் நனைந்து நனைந்து வருகிற வண்டிக்கு இப்படித்தான் இருக்கும். ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள், காலையில் இன்னொரு தடவை அடியுங்கள், அப்புறம் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திருப்பி முறுக்கி, மறுபடி கழற்றி என்று பொறுமையாக வாருங்கள். பைப்பைத் தொங்கவிடுகிற ஹேங்கர் ரப்பர் சோப்புத் தண்ணீருக்கே வழுக்கிக்கொண்டு வரும். அடியில் படுக்கும் முன் ஸ்டாண்டு வைத்தாயிற்றா? ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்க இல்லை.

களியக்காவிளை: ஸ்டெயின்லெஸ் என்று வாங்கிய பைப்பில் காந்தம் ஒட்டுகிறது. ஏமாந்துட்டேனா?

காந்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 409 ரகம் ஸ்டெயின்லெஸ்தான், காந்தம் ஒட்டும், கார் கம்பெனிகளே அதைப் போடுகின்றன. 304 என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் கடைக்காரரிடம் சண்டை போடலாம். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு 304தான் தாங்கும்.

போடி: கிளாம்பை எப்போது இறுக்குவது?

முழு பைப்பையும் தொங்கவிட்டு, எங்கும் இடிக்கவில்லை, சுற்றிலும் ஓர் அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று பார்த்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னால்.

பொள்ளாச்சி: கேட் கன்வர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் போட்டா பிக்கப் எவ்வளவு ஏறும்? வாளையார் தாண்டினா பிடிப்பாங்களா?

மாதம் தவறாமல் வருகிற கேள்வி, நானும் மாதம் தவறாமல் எரிச்சலாகிறேன். ஏறாது. சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில், புகையைச் சுத்தப்படுத்துகிற அந்த கேட் கன்வர்ட்டரை (சுருக்கமாக 'கேட்') எடுத்தால் காதுக்குத்தான் வேகம், சக்கரத்துக்கு இல்லை. அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கண்ணறைகள் இருக்கின்றன. 300 டிகிரி வாக்கில் சூடானதும் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அவைதான் மாற்றிப் போடுகின்றன. அதைக் கழற்றியதும், முன்னாலும் பின்னாலும் இருக்கிற ஓ-டூ சென்சர்கள் (புகையில் ஆக்சிஜனைப் பார்ப்பவை) ஒரே மாதிரி ஆட ஆரம்பிக்கும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ, 'கேட் சரியாக வேலை செய்யவில்லை' என்கிற பி0420 கோட் நம்பரைப் பதிந்து செக் எஞ்சின் லைட்டை எரியவிடும். அதை மறைக்க சென்சரைத் தள்ளி வைக்கிற ஸ்பேசர், அப்புறம் ஈசியூ புரோகிராமையே மாற்றுகிற ரீமேப் என்று காசு போய்க்கொண்டே இருக்கும். சரி, கழற்றிய கேட் எங்கே போனது என்று யாராவது கேட்கிறீர்களா? "அது பழைய இரும்பு சார், நாங்களே போட்டுடறோம்" என்று பட்டறையில் வைத்துக்கொள்வார்கள். பிளாட்டினத்தைப் பழைய இரும்பு விலைக்குக்கூட இல்லாமல் சும்மா கொடுத்துவிட்டு, கழற்றுகிற கூலியையும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்!

போலீஸ் விஷயம்: கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 வரை, அதோடு லைசென்சும் மூன்று மாதம் போகலாம். ஜெயில் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். பின்னால் இருக்கிற சைலன்சர் பாக்ஸை மட்டும் மாற்றுகிறவர்களும் சத்தம் கூடாத பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

மூணாறு: புது சைலன்சர் போட்டதிலிருந்து காலையில் தண்ணீர் சொட்டுகிறது. எஞ்சின் போச்சா?

போகவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும், உங்கள் ஊர்க் குளிரில் அது பைப்பிலேயே தண்ணீராகிவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் குறைந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

கம்பம்: நானே மாட்டினேன். புஸ் புஸ் என்று சத்தம், மைலேஜும் குறைந்துவிட்டது.

ஜாயின்டை அடைக்கிற பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டீர்கள், அப்படித்தானே? முன் ஓ-டூ சென்சருக்கு முன்னால் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சர் 'பெட்ரோல் போதவில்லை' என்று நினைக்கும், ஈசியூ அள்ளி ஊற்றும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழ் வருகிற இடம்தான் லீக். இதை ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது. வண்டியைத் தூக்கிப் பார்ப்பதாக இருந்தால் ஸ்டாண்டு. மறுபடியும் சொல்கிறேன், ஸ்டாண்டு.

புனலூர்: சார், எந்த சைலன்சர் பெஸ்ட்?

என்ன கார்? எந்த வருஷம்? பெட்ரோலா டீசலா, புகை விதியில் பிஎஸ்-4ஆ பிஎஸ்-6ஆ? இத்தனையும் எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.