ஹைட்ரஜன் செல் சூடாகிறதா? ஃபேனுக்கு முன்னால் தகடுகளை எண்ணுங்கள்

கேள்வி: காருக்காக, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் ஜெனரேட்டர் (செல்) ஒன்றை நானே செய்தேன். ஐந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல். ஓரத் தகடுகள் இரண்டுக்கும் பேட்டரி இணைப்பு, நடுவில் உள்ள மூன்றும் சும்மா நிற்கின்றன. வண்டியைக் கிளப்பும்போது 12 ஆம்பியர் இழுக்கிறது. அரை மணி நேரத்தில் 30-ஐத் தாண்டி ஃபியூஸ் போய்விடுகிறது. செல்லில் கை வைக்க முடியவில்லை. ஃபேன் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஃபேன் வைத்தால் ஃபியூஸ் போவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடு எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஐந்து தகடு என்றால் நான்கு இடைவெளி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 13.8 வோல்ட். நான்காகப் பங்கிட்டால் இடைவெளிக்கு 3.45 வோல்ட். தண்ணீரைப் பிரிக்கும் வேலைக்குச் செலவாவது சுமார் 1.48 வோல்ட், அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் சூடாகத்தான் மாறும். அதாவது நீங்கள் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் தண்ணீர் காய்ச்சவே போகிறது. 30 ஆம்பியரில் அது 230 வாட்டுக்கு மேல்.

எட்டுத் தகடு வையுங்கள். ஏழு இடைவெளி, தலைக்குச் சுமார் 2 வோல்ட். வீணாகும் பங்கு கால்வாசிக்கு வந்துவிடும். அதே மின்னோட்டம் ஏழு இடங்களில் வேலை செய்வதால், ஆம்பியருக்குக் கிடைக்கும் வாயுவும் கூடும். தகடுகளில் கரைசல் போக இட்ட துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் மின்னோட்டம் நடுத்தகடுகளைத் தாண்டி அந்த வழியாகவே ஓடிவிடும். ஒன்று மேல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என மாற்றுங்கள்.

அடுத்தது 12 எப்படி 30 ஆகிறது என்பது. கரைசல் சூடானால் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். மின்னோட்டம் ஏறும், சூடும் ஏறும், மறுபடி மின்னோட்டம் ஏறும். பலரும் சறுக்குவது இங்கேதான்: குளிர்ந்த செல்லில் மீட்டரைப் பார்த்து, ‘போதவில்லை’ என்று பொட்டாஷை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, சூடு நிலைத்த பிறகு வரும் ஆம்பியர்தான் கணக்கு. நீர்த்த கரைசலில் தொடங்குங்கள். செல்லை அணைத்து, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். பொட்டாஷைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைப் பொட்டாஷில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அப்புறம் குறைவதை ஈடுகட்டக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும், பொட்டாஷ் உள்ளேயே இருக்கும். இதற்கு மேலும் மின்னோட்டம் ஏறினால், அதைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்க்கலாம்.

சூடான செல்லில் குமிழி தாராளமாக வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 60 டிகிரியில் வெளிவருவதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நீராவி. 80 டிகிரியில் கிட்டத்தட்டப் பாதி. பிவிசி குழாயும் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். 60 டிகிரியில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஸ்விட்ச் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

கை வைக்க முடியாத இடம் செல்லின் நடுவா, டெர்மினலா என்றும் கவனியுங்கள். டெர்மினல் மட்டும் கொதித்தால் குற்றவாளி தளர்ந்த நட்டு அல்லது மெல்லிய வயர். 30 ஆம்பியரில் ஒரு மூட்டில் அரை வோல்ட் இறங்கினாலே 15 வாட் அந்த ஒரே புள்ளியில் எரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு குளிர்விப்பான் தேவைப்பட்டால், கரைசல் அலுமினியத்தில் படவே கூடாது. பொட்டாஷ் அதை அரிக்கும், அரிக்கும்போது தன் பங்குக்கு ஹைட்ரஜனையும் வெளிவிடும். செல்லை எக்ஸாஸ்ட் பக்கமோ, ரேடியேட்டரின் சூடான காற்று வீசும் பின்பக்கமோ வைக்காதீர்கள்.

மைலேஜுக்காகச் செய்தீர்கள் என்றால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எஞ்சின், எஞ்சினை ஓட்டுவது உங்கள் எரிபொருள். இந்தச் சுற்றில் போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். ஆராய்ந்து பார்க்கும் ஆசையில் செய்கிறீர்கள் என்றால் சரி. ஆனால் வரும் வாயு, எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனையும் கூடவே சுமந்து வருகிறது. மிகச் சிறிய பொறி போதும். பப்ளர் (வாயுவைத் தண்ணீர் வழியாகக் குமிழியாக அனுப்பி, தீ செல்லுக்குத் திரும்பாமல் தடுக்கும் கலன்) இல்லாமல் ஓட்டாதீர்கள், வாயுவைச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். சாவி போட்டதும் ஓடும்படி அல்ல, ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ரிலே கொடுத்து, எஞ்சின் நின்ற கணமே செல்லும் நிற்கும்படி வையுங்கள்.