பிரிவி கவுன்சிலுக்குப் பிறகும் வழி உண்டு

வணக்கம் தங்கச்சி. விசாரணையே இல்லாமல் 3 வருடம் அடைத்து வைக்கப்பட்ட அண்ணனின் வழக்கு, மொரீஷியஸுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றுவிட்டது, இனி ஜெனீவாவிலுள்ள ஐ.நா.தானா, வக்கீலுக்குப் பணமில்லையே என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறையிடும் உரிமையை மொரீஷியஸ் 1973லேயே ஏற்றுக்கொண்டது. கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

ஒன்றைப் பாருங்கள்: காரணமின்றி அடைத்து வைத்தார்கள் என்ற வாதத்தை இங்குள்ள நீதிமன்றங்களிலேயே எழுப்பினீர்களா? தீர்ப்பு நகல்களில் பென்சிலால் கோடிட்டுத் தேடுங்கள். அங்கே சொல்லாததைக் குழுவிடம் புதிதாகச் சொன்னால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். உங்கள் பெயரில் அனுப்பினால் அண்ணன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். கடைசித் தீர்ப்பிலிருந்து 5 வருடத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

அடையாள அட்டைக்குக் கைரேகை எடுப்பதை எதிர்த்து மாதவு என்பவர் போட்ட வழக்கு நினைவிருக்கிறதா? 2016ல் பிரிவி கவுன்சிலில் தோற்ற அவர், 2021ல் அந்தக் குழுவிடம் வென்றார். ஆனால் பாருங்கள், இடையில் எத்தனை வருடம்! குழு சொல்வதை நீதிமன்றத் தீர்ப்புப் போல அமல்படுத்த முடியாது. என்ன செய்தீர்கள் என்று அரசிடம் 180 நாளில் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். நஷ்டஈட்டை நம்பிக் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.