இன்கோனல் ஜாப்புக்கு இசிஎம் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: சிறிய மெஷின் ஷாப் நடத்துகிறேன். இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையில் வளைவான பாக்கெட் (குழி) போடும் ஜாப் வருகிறது. எண்ட்மில் (சுழன்று வெட்டும் டூல்) சீக்கிரமே மழுங்கிவிடுகிறது. ஸ்பார்க் எரோஷனில் (மின்பொறியால் உலோகத்தை உருக்கி எடுக்கும் முறை) செய்தால், மேலே உருகி உறைந்த படலம் இருக்கிறதென்று கஸ்டமர் திருப்பி அனுப்புகிறார். இசிஎம்முக்கு (மின்வேதி முறையில் உலோகத்தைக் கரைத்து வடிவமைப்பது) மாறலாமா?

பதில்: மாதம் எத்தனை பீஸ், எத்தனை டிசைன் என்று நீங்கள் எழுதவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது.

இசிஎம்மில் ஜாப் (வடிவமைக்க வேண்டிய உலோகத் துண்டு) நேர்மின்வாய், டூல் எதிர்மின்வாய். இடையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உப்புக் கரைசல் வேகமாகப் பாயும். வோல்டேஜ் 10, 20 போதும். ஆம்பியர்தான் ஆயிரக்கணக்கில் தேவை. உலோகம் வெட்டுப்படுவதில்லை, கரைகிறது. அதனால் எவ்வளவு கடினமான உலோகம் என்பது பொருட்டே இல்லை. ஃபாரடே விதிப்படி (பாயும் மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப உலோகம் கரையும்) கணக்குப் போட்டால் 1000 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கன செ.மீ. இரும்பு கரையும். டூலில் ஹைட்ரஜன் மட்டுமே வெளிவருவதால் அது தேயாது. உங்கள் கஸ்டமர் குறை சொல்லும் படலமும் வராது.

ரஷ்யாவின் குசெஃப் 1929-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். ஆனால் ஜெட் எஞ்சின் பிளேடுகளுக்கு நிக்கல் கலவைகள் வந்து, வெட்டும் டூல்கள் திணறிய பிறகுதான், 1950களின் இறுதியில், தொழிற்சாலைகள் இதைக் கையில் எடுத்தன. அந்த பிளேடுகள் ஒரே வடிவில் ஏராளமாகத் தேவைப்பட்டன என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் சிரமம் டூல் டிசைனில்தான். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. எனவே டூலின் வடிவம் அப்படியே ஜாப்பில் விழாது. டிரையல் போட்டு, அளந்து, டூலைத் திருத்தி, மறுபடி டிரையல் போட வேண்டும். டிசைன் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. கூர்மையான உள்மூலையும் கிடைக்காது.

அப்புறம் கழிவு. இன்கோனலில் குரோமியம் உண்டு. கரைசலில் நச்சுள்ள ஆறிணைதிறன் குரோமியம் சேரலாம். அதைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடவே கூடாது. ஹைட்ரஜனை வெளியேற்ற எக்ஸாஸ்டும் கட்டாயம்.

ஒரே டிசைன் வருஷக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வருமென்றால் வாங்குங்கள். பல டிசைனில் சில பீஸ்கள்தான் என்றால் வேண்டாம்: ஸ்பார்க்கிலேயே கடைசியில் குறைந்த கரண்டில் ஃபினிஷ் செய்து, மிச்சப் படலத்தை அப்ரேசிவ் ஃப்ளோ முறையில் (உராய்வுத் துகள் கலந்த பசையை அழுத்திச் செலுத்தித் தேய்ப்பது) எடுக்கலாமா என்று கஸ்டமரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எப்படியானாலும் முதலில் இசிஎம் ஜாப்-வொர்க் செய்பவரிடம் ஒரு மாதிரி போட்டு வாங்கி, குறுக்காக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கரைசலும் மின்னோட்டமும் சரியாக அமையாவிட்டால் நிக்கல் கலவையில் படிக எல்லைகள் (உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள்) அரித்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.