பழைய ரிக்கார்டு வாங்குவோருக்கு: பாட்டுக்கு முன்னால் முள்ளைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ரிக்கார்டு, ரிக்கார்டு பிளேயர் பற்றியவை. கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்த அப்பாமார் கொண்டுவந்த பெட்டிகளைப் பிள்ளைகள் இப்போது பரணிலிருந்து இறக்குகிறார்கள் போலிருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா சவுதியில வேலை பார்த்தவங்க. அங்க ரூம்ல ஒரு ஜப்பான் ரிக்கார்டு பிளேயர் வச்சிருந்தாங்க. கார்ப்பென்டர்ஸ், பிரெட், ஈகிள்ஸ், ஜிம் ரீவ்ஸ்னு இங்கிலீஷ் பாட்டு எல்லாம் கேசட்டுல பதிஞ்சு ஊருக்கு அனுப்புவாங்க. நாங்க அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். 1991-ல ஊருக்கே வந்தப்போ பிளேயரையும் முப்பது எல்.பி.யையும் கொண்டுவந்தாங்க. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்து, "சரியில்ல பிள்ளே"ன்னு பரண்ல ஏத்திட்டாங்க. அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப இறக்கி, ஸ்டெப் டவுன் வச்சு ஓட்டினா, பாட்டு மெதுவா போகுது. கேரன் கார்ப்பென்டர் குரல் ஆம்பிளை பாடுற மாதிரி இருக்கு. மெக்கானிக், மோட்டார் போச்சு, வேற மாத்த 6,500 ரூபாய்ங்கறார். கொடுக்கலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அநேகமாக மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை. நமக்கு 50. ஸ்டெப் டவுன் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அந்தக் காலத்துப் பிளேயர்களில் பலவற்றின் ஏ.சி. மோட்டார், ஹெர்ட்ஸ் எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில்தான் சுற்றும். அங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றிய, ரிக்கார்டை வைக்கும் சுழல்தட்டு, இங்கே 28-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சுற்றும். சுருதியும் கூடவே இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். கேரனுக்கு இயல்பிலேயே கீழ்ஸ்தாயிக் குரல். அதை இன்னும் இறக்கினால் ஆண் குரலாகத்தான் தோன்றும். உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 1991-இல் உங்கள் அப்பாவின் காது சொன்னதும் அதுதான்.

மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் 100 வரவேண்டும். 83-ஐ ஒட்டி வந்தால் ஹெர்ட்ஸ்தான் காரணம். வேகம் சீராக இல்லாமல் இழுத்து இழுத்துப் போனால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது உருகித் தார்போல ஒட்டியிருக்கும். அது சின்னச் செலவு.

83 வந்தால், முதலில் சுழல்தட்டைத் தூக்கி உள்ளே பாருங்கள். ஜப்பானிலேயே கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த நாட்டுப் பிளேயர்கள் சிலவற்றில் இரண்டுக்கும் பொருந்தும்படி வழி வைத்திருப்பார்கள். மோட்டார் தண்டில் ஒரு சின்னப் பித்தளை உருளை இருக்கும். அதற்கு மாற்று உருளை ஒன்று பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம். கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் நுணுக்க வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றில் அந்த உருளையைக் காட்டி, விட்டத்தை 1.2 மடங்காக்கிப் புதிதாகக் கடைந்து தரச் சொல்லுங்கள். 33-க்கும் 45-க்கும் இரண்டு படி இருந்தால் இரண்டையும் அதே கணக்கில் கூட்ட வேண்டும். பெல்ட் ஓடும் உருளையின் நடுவில் லேசான மேடு இருக்கும். அதை அப்படியே வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் நழுவும். உருளையில் டேப் சுற்றிப் பருமனாக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், பாட்டு நடுங்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உருளை வேலை முடிந்ததும் ஆசையில் அப்பாவின் ரிக்கார்டைப் போட்டுவிடாதீர்கள். முள்ளை மாற்றிவிட்டுப் போடுங்கள். வைர முள் என்றாலும் 500 முதல் 1,000 மணி நேரம் வரைதான் உழைக்கும். அது தேய்ந்திருக்கிறதா என்று வெறும் கண்ணால் தெரியாது. அதைப் பிடித்திருக்கும் ரப்பரும் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். தேய்ந்த முள் பள்ளத்தில் ஓடாது, பள்ளத்தைச் செதுக்கும். செதுக்கியது திரும்பி வராது. முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், பொருந்தும் முள்ளை இணையக் கடைகள் தரும். 6,500 ரூபாயை எண்ணி எடுத்து வைத்திருந்தால், இதற்குச் செலவு செய்யுங்கள்.

அந்த மெக்கானிக்கிடம் எதையும் கழற்றக் கொடுத்திருந்தால், பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரி போனபோது ஒரு கடையில் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்று 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். "ஆன்டிக் பீஸ், வெள்ளைக்காரன் காலத்தது" என்றார்கள். நாய்ப் படம் இருக்கிறது. இதில் என் எல்.பி. ரிக்கார்டுகளைப் போடலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் 78 வேகத் தட்டுக்கானது. அந்தத் தட்டு அரக்கில் செய்தது; பள்ளம் அகலம். அதன் ஒலிப்பெட்டியும் இரும்பு முள்ளும் 100 கிராமுக்கு மேல் அழுத்தும். 1948-இல் வந்த எல்.பி.யின் பள்ளமோ முடியைவிட மெல்லியது. அதற்குத் தேவையான அழுத்தம் இரண்டு, மூன்று கிராம். ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

உங்கள் பெட்டி பழையதுதானா என்பது அடுத்த சங்கதி. பளபளக்கும் பித்தளைக் குழல், எண்கோணப் பலகைப் பெட்டி, புத்தம்புது நாய்ச் சின்னம் இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். இப்படிப் புதிதாகவே செய்து, பழசு என்று சுற்றுலா ஊர்களில் விற்பது பல வருடமாக நடக்கிறது. குழல் வளைவும் கையும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால், ஆணிகள் நட்சத்திரத் தலை ஸ்குரூவாக இருந்தால், சந்தேகம் வலுக்கும்.

பழசு என்று சொல்லிப் புதுசை விற்பது நியாயமற்ற வணிக முறை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. பில் தராவிட்டாலும் ஜிபே, போன்பேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. கடையில் போய் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். இனி எதை வாங்கினாலும் "பழமையானது" என்ற வார்த்தையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஈகிள்ஸின் 1976-ஆம் வருட எல்.பி. ஒன்று இணையத்தில் வாங்கினேன். நிலை 'ஜி' என்று போட்டிருந்தது, குட் என்று நினைத்தேன். வந்தது முழுக்கக் கரகரப்பு. ஏமாற்றுதானே? (நாகர்கோவில்)

பதில்: மனம் வலிக்கும் பதில்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ரிக்கார்டு வியாபாரத்தில் 'ஜி' என்றால் நல்லது இல்லை. கீறலும் இரைச்சலும் உள்ளது, வேறு கிடைக்காவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மேலே மின்ட், நியர் மின்ட், அப்புறம் வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., அதற்கும் கீழேதான் ஜி. கேட்டு ரசிக்க வாங்குகிறவர் வி.ஜி. பிளஸ்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கருத்து. விற்றவர் இந்த அளவுகோலின்படி எழுதியிருந்தால் ஏமாற்று என்று சொல்ல முடியாது.

நியர் மின்ட் என்று போட்டு இப்படி அனுப்பியிருந்தால் கதை வேறு. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. ஆனால் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்த விதி கைகொடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அங்கே பணம் போடும் முன் ஒரு வீடியோ கேளுங்கள். முதல் பாட்டை ஓட்டிக் காட்டுவார்கள்; அது போதாது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டை ஓட்டச் சொல்லுங்கள். நடுவை நெருங்க நெருங்கப் பள்ளம் நெருக்கமான வளைவில் போவதால், தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். உச்சத்தில் குரல் கிழிந்தால் வேண்டாம். அனுப்பும்போது தட்டை அட்டையுறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகப் பொதியச் சொல்லுங்கள். உள்ளே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

கேள்வி: சூட்கேஸ் மாதிரி பிளேயர் 5,000 ரூபாய்க்கு வருகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு அது போதாதா? (குளச்சல்)

பதில்: என் அனுபவத்தைச் சொல்கிறேன். கோட்டாறில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். அவர்களிடம் எச்.எம்.வி. ஃபியஸ்டா ஒன்று உண்டு, மூடியிலேயே ஸ்பீக்கர் இருக்கும். டிசம்பர் மாதம் முழுக்க ஜிம் ரீவ்ஸ், அது முடிந்தால் கார்ப்பென்டர்ஸ். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாத வயதில் அந்தக் குரலுக்காகவே நடையில் போய் உட்கார்ந்திருப்பேன். டீச்சரம்மா அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போகும்போது, கார்ப்பென்டர்ஸ் தட்டை மட்டும் எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள். அதைக் கேட்க நான் வாங்கியது, நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு சூட்கேஸ்தான். வாரம் ஒரு முறை போட்டேன். ஆறே மாதத்தில் 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறத் தொடங்கியது. நல்ல பிளேயரில் போட்டுப் பார்த்தபோதும் அதே சீறல். தட்டு போய்விட்டது. இன்றும் அதை வைத்திருக்கிறேன், ஓட்டுவதில்லை.

இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் முள் ஐந்து கிராம் வரை அழுத்தும். பின்னால் எடைக் குண்டு இல்லாததால் குறைக்கவும் வழியில்லை. ஸ்பீக்கர் அதே பெட்டியில் இருப்பதால் அதிர்வு முள்ளுக்கே திரும்பிப் போகும். கடையில் கேட்கவேண்டிய கேள்வி மூன்று: முள் எத்தனை கிராம் அழுத்தும்? முள்ளைத் தனியாக மாற்ற முடியுமா, அது கையிருப்பில் உண்டா? முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், உங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் 'போனோ' என்று எழுதிய துளை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கொசு பாடுவதுபோல்தான் கேட்கும். ஆடியோ டெக்னிகாவின் எல்.பி. 60 வரிசையைப்போல் ப்ரீஆம்ப் உள்ளே வைத்த, மூன்று கிராம் அளவில் அழுத்துகிற பிளேயர் சூட்கேஸைவிட விலை கூடத்தான். காசு சேரும்வரை பொறுங்கள். அதுவரை அந்தப் பாட்டுகளை போனில் கேளுங்கள், தட்டுக்குச் சேதமில்லை.

கேள்வி: அப்பா மைக் செட் வைத்திருந்தார். கொடைக்கும் குருசடித் திருவிழாவுக்கும் ஓட்டிய ரிக்கார்டு எழுநூறு இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்து தட்டுக்கு 40 ரூபாய் மேனிக்கு மொத்தமாகக் கேட்கிறார். (திங்கள்சந்தை)

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மைக் செட்டில் ஓடிய தட்டுகள் கனமான முள்ளில் தேய்ந்தவை, பாதிக்கு மேல் 40 ரூபாய் பெறாது என்பது உண்மை. அந்த வியாபாரி வந்தது பாதிக்காக இல்லை. இடையில் கிடக்கும் நாற்பது, ஐம்பதுக்காக. அதிகம் ஓடாத கருவியிசைத் தட்டு, ஆங்கிலப் பாட்டு, பக்கம் திருப்பாத எல்.பி. எல்லாம் மைக் செட்காரர் கட்டுக்குள் தேயாமல் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் திருவிழாவில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள். ரிக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் லேபிள் எண்ணைப் போட்டால் எந்தத் தட்டு என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தெரியும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். அதன்பிறகு வியாபாரியைக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: மண்டைக்காடு பக்கம் வீடு. ரிக்கார்டு எல்லாம் பூத்துப்போகிறது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா?

பதில்: எண்ணெய் கூடவே கூடாது, தூசியைப் பிடித்துப் பள்ளத்தில் அடைத்துவிடும். நமக்கு இரண்டு பருவமழை, கடற்காற்று வேறு; பூஞ்சை வரத்தான் செய்யும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை. நடு லேபிள் நனையக்கூடாது. ஸ்பிரிட் கலக்கச் சொல்வார்கள். 78 வேகத் தட்டில் அது பட்டால் அரக்கு கரைந்துவிடும். பூத்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாற்றுங்கள், இல்லாவிட்டால் துடைத்தது வீண். காய்ந்தபின் புத்தகம்போல் நிமிர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும், மின்விசிறிக் காற்றே போதும்.