ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு மாற்ற, சர்வர்களை எப்படித் தயார் செய்வது?

இரண்டு லினக்ஸ் சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் போட்டிருக்கிறீர்கள். ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு வேலை செய்கிறது, மெஷினை மாற்றும் மைக்ரேஷன் மட்டும் தொடங்கியதுமே 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று விழுகிறது. பெரும்பாலும் இது ஃபயர்வால்தான். எஸ்எஸ்எச் வழியாகப் போவது கட்டளை மட்டுமே. மெஷினின் ரேம் தனி இணைப்பில் போகிறது. லிப்வர்ட் அதற்கு வழக்கமாக 49152 முதல் 49215 வரையான போர்ட்களை எடுத்துக்கொள்ளும். சேருமிட சர்வரில் அவற்றைத் திறங்கள். திரும்பவும் கொண்டுவர வேண்டியிருக்கும் என்பதால் இரண்டிலுமே திறந்துவிடுவது நல்லது.

அப்புறம் ஹோஸ்ட்நேம். சேருமிடம் தன் பெயரை 'லோக்கல்ஹோஸ்ட்' (எந்த மெஷினும் தன்னையே குறிக்கும் பெயர்) என்று சொன்னால் லிப்வர்ட் மறுத்துவிடும். இரண்டு சர்வருக்கும் முழுப்பெயர் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை அந்தப் பெயரிலேயே பிங் செய்து பாருங்கள்.

டிஸ்க் கோப்பு தானாக நகராது. என்எஃப்எஸ் போன்ற, நெட்வொர்க் வழியாகப் பகிரும் பொதுச் சேமிப்பை இரண்டிலும் ஒரே பாதையில் மவுன்ட் செய்து, மெஷினின் அமைப்பில் டிஸ்க் கேஷை 'நன்' (none) என்று வையுங்கள். மெஷினை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜின் பெயரும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது சிபியுவில். புது சர்வரில் ஏவிஎக்ஸ்-512 என்ற சிபியு வசதி இருக்கிறது, பழையதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சர்வரின் சிபியுவை அப்படியே மெஷினுக்குக் காட்டும் 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' அமைப்பில் புதியதில் தொடங்கிய மெஷின் பழையதற்குப் போனால் தடுக்கப்படலாம், அல்லது போய்ச் சேர்ந்தபின் கிராஷ் ஆகலாம். இரண்டுக்கும் பொதுவான சிபியு மாடலைக் கொடுத்து, மெஷினை ஒருமுறை முழுதாக அணைத்துத் தொடங்குங்கள்; உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓட்டத்திலேயே மாற்றும் ஆசை இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.